இப்படிக்கு, வெயிலுமுத்து

ஜனவரி 1, புதன்

இந்த வருஷத்துக்கு இரண்டு தீர்மானம். ஆயுளில் ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது. படிக்கிற நாளில் இந்த டைரியில் நாலு வரி எழுதுவது. இரண்டுமே என் தீர்மானம் இல்லை, கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் நித்திலாவின் தீர்மானம். "ரிட்டயர் ஆகி மூணு வருஷமா செல்போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்கப்பா, கண்ணு போயிரும்" என்று லீவுக்கு வந்த இடத்தில் ஒரே சண்டை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறி இறங்கிய போர்மேன் நான். நான் படித்ததிலேயே பெரிய புத்தகம் பஞ்சாங்கம்தான்.

புத்தகத்தின் பெயர் 'என் குரல் இதுதான்'. பின்னணிப் பாடகி தவமணி தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். 312 பக்கம். தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நித்திலா இதைத் தேடி வாங்கியதற்குக் காரணமும் நான்தான். தவமணி சினிமாவுக்குப் போகுமுன் கோவில்பட்டியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட வந்தார். அன்றைக்கு மைக் செட் போட்டது நான். "அண்ணே, உங்க மைக் பிரமாதம்" என்று அவர் சொன்னதாக நித்திலா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உங்களைப் பத்தியும் ஒரு வரி இருக்கும்ப்பா, பாருங்க" என்றாள்.

ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். பிப்ரவரிக்குள் முடித்துவிடுவேன்.

ஜனவரி 3, வெள்ளி

பக்கம் 24. பரவாயில்லை, நன்றாகத்தான் எழுதுகிறார். அப்பா டோலக் வாசிக்கிறவர். வீட்டில் அரிசி இருந்ததோ இல்லையோ டோலக்குக்குத் தனியாக ஒரு போர்வை இருந்ததாம். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் இவர் குரல் கட்டையாக இருக்கிறதென்று பையன்கள் வரிசையில் நிற்க வைத்தாராம். படித்துவிட்டு என் மனைவி கோமுவிடம் சொன்னேன். "அந்த டீச்சரை நாலு அறை அறையணும்" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

ஜனவரி 4, சனி

பக்கம் 41. கண்ணாடி போட்டு, நாற்காலி போட்டு, காபி வைத்துக்கொண்டு படிக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, கௌரவமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

பக்கம் 58. அடுத்தது ஏழாவது அத்தியாயம். அதன் தலைப்பு 'ஆண் குரல் போதும்'.

தண்ணீர் மோட்டாரில் ஏதோ சத்தம். அதைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

மோட்டாரைக் கழற்றினேன். பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊற வைத்திருக்கிறேன். கெப்பாசிட்டரும் மாற்றுவது நல்லது. படிக்க நேரம் இல்லை.

ஜனவரி 8, புதன்

மோட்டார்.

ஜனவரி 9, வியாழன்

மோட்டாரை மாட்டினேன். "நல்லா ஓடிட்டு இருந்ததை எதுக்குக் கழட்டுனீங்க?" என்கிறாள் கோமு. பெண்களுக்கு மெஷின் விஷயம் புரியாது.

எட்டாவது அத்தியாயத்திலிருந்து தொடர்ந்தேன். பக்கம் 75. ஏழாவதில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன கதைதான் இருக்கும், நமக்குத் தெரிந்ததுதான். நித்திலா போனில் எத்தனையாவது பக்கம் என்று கேட்டாள். தொண்ணூறு என்றேன்.

ஜனவரி 11, சனி

மறுபடி நித்திலா போன். அவளும் ஒரு பிரதி வாங்கியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது.

"அப்பா, ஏழாவது அத்தியாயம் படிச்சீங்கள்ல? நம்ம தெருக் கொடை! என்கிட்ட ஏன் சொல்லல? வெயிலுமுத்து மாமாவா இப்படிப் பண்ணாரு?"

"அது பழைய கதைம்மா" என்றேன்.

"மைக் செட் பத்தியும் ஒரு வரி இருக்குப்பா. 'மைக் கரகரத்தது'ன்னு போட்டிருக்காங்க."

ஆக, 312 பக்கத்தில் நான் இரண்டு வார்த்தை. சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

வெயிலுமுத்து என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மூன்றாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான், நான் ஐ.டி.ஐ. வரை போனேன். கடைத்தெருவில் ஆண்கள் தையல் கடை வைத்திருக்கிறான். ஊரில் அவனுக்குப் பட்டப்பெயர் 'சீட்டு'. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவன் ரம்மி ஆடுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் கையால் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. இந்தச் சீட்டு, கச்சேரியில் ஜனங்கள் பாட்டுக் கேட்டு மேடைக்கு எழுதி அனுப்புகிற துண்டுச் சீட்டு.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வருஷம் தவறாமல் பொங்கலுக்கு எனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வருவான் வெயிலுமுத்து. இன்றும் வந்தான். ஊதாக் கோடு போட்டது. "வயித்துல ஒரு இஞ்சு கூட்டிருக்கேம்ல" என்று என் தொப்பையைத் தட்டினான். நர்சிங் படிக்கும் பேத்தி செண்பகம் ஒரு மாச லீவுக்கு வந்திருக்கிறாளாம், தாத்தாவுக்குப் பிரஷர் பார்க்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"வாடா சீட்டு, பொங்கல் சாப்பிடு" என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

நாற்காலியில் புத்தகம் இருந்தது. அதன்மேல் துண்டைப் போட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

எவனோ ஏழாவது அத்தியாயத்துப் பக்கத்தைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். காலையிலிருந்து டிங் டிங் என்று ஒரே சத்தம். 'நம்ம தெரு உலகப் புகழ்.' 'சீட்டு அண்ணாச்சிக்குப் பாராட்டு விழா எடுக்கணும்.' ஒரு பெண் மட்டும், 'பதினேழு வயசுப் புள்ளைய இப்படிப் பேசுன ஆளுகிட்டயா நம்ம பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கக் குடுக்கோம்?' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் குழுவிலிருந்து விலகலாமா என்று யோசித்தேன். விலகினால் 'பால்வண்ணன் விலகினார்' என்று காட்டும். விலகவில்லை.

ஜனவரி 18, சனி

காலை பதினோரு மணிக்கு வெயிலுமுத்து வந்தான். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை அவன்.

"ஏல பாலு, அந்தப் பொஸ்தகம் உங்கிட்ட இருக்காம்லா. எம்பேரு வந்த இடத்தை வாசி" என்றான்.

"அதை எதுக்குப் போட்டு..." என்று இழுத்தேன்.

"செண்பகம் ரெண்டு நாளா எங்கூடப் பேசல. பிரஷர் பாக்க வரல. 'நீங்களா தாத்தா?'ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. எல்லாரும் படிச்சிட்டாக, நான்தான் படிக்கல. எனக்கு எழுத்துக்கூட்டி முடியுமுன்ன விடிஞ்சிரும். நீ வாசி."

வாசித்தேன். நானும் அப்போதுதான் முதல்முறை வாசிக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

'மைக் கரகரத்தது. எப்படியோ நாலு பாட்டு பாடிவிட்டேன். அறிவிப்பாளர் அடுத்த சீட்டை எடுத்து, முன்கூட்டிப் பார்க்காமல் சத்தமாகப் படித்தார்: "ஆண் குரல் போதும். அடுத்த பாட்டுக்காவது ஒரு பெண்ணைப் பாடச் சொல்லவும். இப்படிக்கு, வெயிலுமுத்து." கூட்டம் சிரித்தது. சிரித்து முடிப்பார்கள் என்று காத்திருந்தேன், முடிக்கவில்லை. அப்பா டோலக்கைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் என்னை அத்தை ஊருக்கு அனுப்பித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க விட்டார். மூன்று வருஷம் நான் பாடவில்லை. அத்தை பிள்ளைக்குத் தாலாட்டுக்கூடப் பாடவில்லை. அந்தப் பெயரை மட்டும் நான் மறக்கவில்லை.'

கடைசி வரியை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். ஆனாலும் அவன் அழுதுவிட்டான். அறுபத்து மூன்று வயது ஆள், இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அழுதான்.

"மூணு வருசம் பாடலையாம்லால" என்றான்.

"நீதான் எழுதலைன்னு அன்னைக்கே சொன்னியே" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ தெரியவில்லை.

"சொன்னேன். ஆனா அன்னைக்கு ரெண்டு கிளாஸ் கள்ளு குடிச்சிருந்தேம்ல. சீட்டு எழுதி உங்கையிலதான குடுத்தேன்? அது நெசம்தான? நல்லதா எழுதுனதாத்தான் நெனப்பு. என்ன எழுதுனேன்னு சத்தியமா ஞாவகம் இல்ல. ஊரே சொல்லுச்சு, எங்கய்யா சொன்னாரு, கட்டிக்கிட்டவளும் சொன்னா. போதையில கேலியா எழுதிருப்பேன்னு நானும் எப்பவோ ஒத்துக்கிட்டேன். ரேடியோல அந்தம்மா பாட்டு வந்தா மிஷினை நிப்பாட்டிருவேன், பாத்திருப்ப. முடியிற வரைக்கும் மிதிக்க மாட்டேன். வேற என்ன செய்ய?"

பார்த்திருக்கிறேன். பாட்டை ரசிக்கிறான் என்று நினைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

பக்கம் 130. கண்தான் ஓடுகிறது. என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜனவரி 22, புதன்

கோமு கீரை ஆய்ந்துகொண்டே, "வெயிலு அண்ணனுக்குத் துணிக்காரங்க பேரையே நோட்டுல சரியா எழுத வராது. 'அடுத்த பாட்டுக்காவது ஒரு பெண்ணைப் பாடச் சொல்லவும்'. இவ்வளவு நறுக்குன்னு அவரா எழுதிருப்பாரு?" என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைத்தாங்க."

"போதையில யாரு எப்படி எழுதுவான்னு யாருக்குத் தெரியும்?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டிருக்கலாம்.

ஜனவரி 23, வியாழன்

கோமு மார்க்கெட் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

1983. எனக்கு வயது இருபத்தொன்று. மைக் செட் கடையில் வேலை. கச்சேரிக்கு முன் தவமணி மேடையேறிச் சோதித்துப் பார்த்தது. பாவாடை தாவணி, ரெட்டைச் சடை. இரண்டு வரி பாடிவிட்டு, அந்த மைக்கிலேயே, "அண்ணே, இது கரகரங்குது, மாத்துங்க" என்றது. தெரு முழுக்க ஆறு குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என் முதலாளி வந்து, "வயரை ஒழுங்காச் சொருகத் தெரியாத மூதி" என்று பின்மண்டையில் அடித்தார். அதே மைக்கில் அதுவும் கேட்டது. மைக் பிரமாதம் என்று யாரும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக நான் சொல்லிவருவது பொய்.

மேடைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்திலிருந்து வருகிற சீட்டுகளை வாங்கி மேலே கொடுப்பதும் என் வேலைதான். நாலு பாட்டு முடிந்ததும் வெயிலுமுத்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்து ஒன்று கொடுத்தான். பிரித்துப் பார்த்தேன். கோணல் மாணலாக, 'இந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு பாட்டு குடுங்க. நல்லாப் பாடுது. இப்படிக்கு வெயிலுமுத்து' என்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அடி வாங்கியதை அவனும் பார்த்தான், அவனும் சிரித்தான், இப்போது அவளுக்கு இரண்டு பாட்டு கேட்கிறான். அவன் சீட்டைப் பையில் போட்டேன். சோடாக் கடைக் காகிதம் கிடந்தது, அதில் என் சீட்டை எழுதினேன். பெயரில்லாத சீட்டைப் படிக்க மாட்டார்கள். என் பெயரைப் போட தைரியம் இல்லை. அவன் பெயர் கையிலேயே இருந்தது.

கூட்டம் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இத்தனையும் எழுதிப் பயன் இல்லை.

கொடைக் கமிட்டிப் பெரியவர்கள் அவனைப் பிடித்தார்கள். அவன், நான் அப்படி எழுதவில்லை என்று கத்தினான். ஒரு பெரியவர் என்னிடம், "ஏ மைக் செட்டு, இவன் சீட்டு குடுத்தானா?" என்றார். "குடுத்தான்" என்றேன். கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் அப்பா அவனை ஊர் முன்னால் அறைந்தார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் அடுத்த கொடைக்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவனுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று, 'சீட்டு கொடுத்த பயலா' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? எனக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளைச் சட்டை தைத்தவன் அவன்தான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு வேறு வார்த்தை இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் வெறும் தாள்தான், கிழித்தால் வேறு எதுவும் போகாது. ஆனாலும் கிழிக்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

தையல் கடைக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. ஊதாக் கோட்டுச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். கடையில் கூட்டம் இல்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் துணிகள் மூட்டையாகத் திரும்பிப் போயிருந்தன, இரண்டு வீடு என்றான், நாலு இருக்கும்.

நான் வாய் திறக்குமுன் அவன் ஆரம்பித்துவிட்டான். "ஏல, வாற ஞாயித்துக்கிழம அந்தம்மா மதுரைக்கு வருதாம்லா. அந்தப் பொஸ்தகத்துக்கு விழாவாம். நான் போறேன். காலுல விழுந்துருதேன். எனக்கும் வயசாச்சு, செண்பகம் மூஞ்சில முழிக்கணும். நீ கூட வா."

"நான் எதுக்கு?"

"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா. எனக்குப் பேச வராது. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் குடு. அடியில நான் பேரு போட்டுக்கிடுதேன்."

சரி என்றேன். அவன் பெயரில் எழுத மறுபடி என்னையே கேட்கிறான். அவனுக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

ஜனவரி 30, வியாழன்

கடிதத்தை நாலு தடவை எழுதினேன். 'மதிப்பிற்குரிய அம்மா, அறியாத வயதில் நான் செய்த' வரை வருகிறது. 'நான்' என்ற இடத்தில் பேனா நிற்கிறது. பக்கம் 208.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதுரை போய்விட்டு மாலை நாலரைக்கு வந்தேன். கோமு கேட்டதற்கு, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சாப்பிடவில்லை. முதலில் இதில் எழுதுகிறேன்.

காலை பஸ்ஸில் வெயிலுமுத்து வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. மடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம், அந்த அம்மாவுக்காம். வழி முழுக்க, "என்னை அடிச்சாலும் வாங்கிக்கிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடிதம் எங்கே என்றான். அங்கே போய்த் தருகிறேன் என்றேன்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கும். பதினோரு மணிக்குத் தவமணி வந்தார். தலை முழுக்க நரை, ஒரு கைத்தறிச் சேலை. குரல் அதே கட்டைக் குரல். அந்தக் குரலுக்குத்தான் கைதட்டு அப்படி விழுந்தது. பேசி முடித்ததும் ஒரு பெண் துண்டுத் தாளும் பென்சிலும் கொண்டுவந்து வரிசை வரிசையாகக் கொடுத்தது. "அம்மாவுக்கு ஏதாவது சொல்லணும்னா சீட்டுல எழுதிக் குடுங்க. பேர் இல்லாத சீட்டைப் படிக்க மாட்டாங்க" என்றது.

வெயிலுமுத்து தாளை என் மடியில் வைத்தான். "இதுலயே எழுதிரு பாலு, சுருக்கமா."

எழுதினேன். எழுதும்போது அவன் எட்டிப் பார்த்தான், கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் ஒன்றும் தெரிந்திருக்காது. "எம்பேரு நானே போடுதேன்" என்று கை நீட்டினான். நான் கொடுக்காமல் எழுந்து போய் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வாயால் சொல்ல முடியாதவன் நான். அன்றைக்கும் சீட்டு, இன்றைக்கும் சீட்டு.

தவமணி சீட்டுகளைத் தானே படித்தார். என் தாளை எடுத்ததும் முதலில் மனதுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிறகு சத்தமாகப் படித்தார்.

'1983 கோவில்பட்டி அம்மன் கொடையில் உங்களை ஆண் குரல் என்று எழுதியது நான். கரகரத்த மைக்கைப் போட்டவனும் நான். வெயிலுமுத்து எழுதியது வேறு. அதை நான் மறைத்துவிட்டேன். அவன் எழுதியது: இந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு பாட்டு குடுங்க. நல்லாப் பாடுது. இப்படிக்கு, மின்வாரிய போர்மேன் (ஓய்வு) சு. பால்வண்ணன்.'

பட்டம் பதவி எல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம்.

"பால்வண்ணன் யாருங்க? எந்திரிங்க" என்றார். எழுந்தேன். முந்நூறு தலையும் திரும்பியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க. உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். "வெயிலுமுத்து அண்ணன் வந்திருக்காங்களா?"

அவன் எழுந்திருக்கவில்லை. மடியில் ஆரஞ்சுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்தவர்கள் இவர்தான் என்று காட்டினார்கள். அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கி எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, புஸ்தகத்துல உங்க பேரைப் போட்டு நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க. அடுத்து அடிக்கிறதுல மாத்திர்றேன், பேப்பர்லயும் சொல்றேன். ரெண்டு பாட்டு கேட்டிருக்கீங்க. இப்பப் பாடட்டுமா?"

அவன் தலையை ஆட்டினான். அங்கேயே நின்று பாடினார், மைக் இல்லாமல். முதலாவது ஒரு தாலாட்டு. அது பாதியில் இருக்கும்போது வெயிலுமுத்து எழுந்தான். என்னைத் தாண்டிப் போய், நாலு நாற்காலி தள்ளிக் காலியாக இருந்த ஒன்றில் உட்கார்ந்தான். இரண்டாவது பாட்டை அங்கிருந்து கேட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அவன் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நான் அவன் பின்னாலேயே நடந்தேன். டீக்கடை முன்னால் நின்று திரும்பினான்.

"நாப்பத்திரண்டு வருசம். கூடவேதானல இருந்த" என்றான். "ஊரு சீட்டுன்னு கூப்பிட்டுச்சு, சரி. நீயும்லால கூப்பிட்ட."

போய்விட்டான்.

பிப்ரவரி 3, திங்கள்

கோமுவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். "உங்க வாயால வரணும்னு இருந்தேன்." அதற்குப் பிறகு சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

நித்திலாவுக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி, மைக் பிரமாதம் என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். "அந்தக் கதையைத்தான்ப்பா நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தெருக் குழுவிலும் எழுதிப் போட்டேன். மூன்று வரி, அடியில் என் பெயர். டிங் டிங். நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பக்கம் 301. இன்னும் பதினொன்று.

வாசலில் செண்பகம் வந்து நின்றது. எப்போதும் 'பாலு தாத்தா' என்று கூப்பிடும் பிள்ளை. இன்று, "அந்தப் புத்தகம் வேணும். தாத்தா வாசிச்சுக் காட்டச் சொன்னாக. எல்லாப் பாடமும்" என்றது. உள்ளே வா என்றேன். "பரவால்ல" என்று படியிலேயே நின்றது.

முடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன். தீர்மானம் பதினோரு பக்கத்தில் போச்சு.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோமு கேட்டபடி உளுந்தும் வெல்லமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். தையல் கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்தேன். யூனிபார்ம் மூட்டைகள் திரும்பி வந்திருந்தன. கடைக்குள் ரேடியோவில் தவமணி பாடிக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து மிஷினை நிறுத்தவில்லை, பாட்டோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தான். நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

பலசரக்குக் கடைப் பக்கமிருந்து யாரோ, "ஏ சீட்டு!" என்று கூப்பிட்டார்கள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.